சீமாட்டியின் குட்டி

ஊருக்குள் அவளைக் குதிரை டாக்டர் என்பார்கள். வீட்டில் பொடிசு. நாற்பது வயதாகிவிட்டது, நெற்றியோரம் நரை எட்டிப் பார்த்துவிட்டது, பெரிய பெரிய குதிரைகளின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுக் கடைவாய்ப் பல்லை அரத்தால் ராவுகிறவள் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பெயர். அந்தப் பெயரெல்லாம் அக்காவிடம் செல்லாது. அக்கா நடத்தும் குதிரையேற்றப் பள்ளியின் வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் அவள் பொடிசுதான்.

தடுப்பூசிக்கும் குடற்புழு மருந்துக்கும் அக்கா தங்கையைக் கூப்பிடுவாள். கொஞ்சம் பெரிய விஷயம் என்றால் வெளி டாக்டரைத் தேடுவாள். "நேத்து வரைக்கும் தலை பின்னிவிடச் சொல்லி என் முன்னாடி வந்து உட்கார்ந்தவ. அவகிட்ட எப்படி ஒரு உயிரை ஒப்படைக்கிறது?" என்று கணவரிடம் சொல்வாளாம். அத்தானுக்கு வாய் சும்மா இருக்காது. வந்து ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்துவிடுவார். டாக்டர் சிரித்துக்கொள்வாள். அக்காவின் மனதை மாற்றுவதைவிடக் கழுதையைக் குதிரையாக்குவது சுலபம் என்பது அவள் கணக்கு.

அதனால்தான் அன்று காலை போனில் பேசியதும் அத்தான்தான், அக்கா இல்லை.

"பொடிசு, வேலையா இருக்கியா? சீமாட்டி அவ குட்டியை அவளே மிதிச்சுட்டா போல. பின்னங்கால் வீங்கிக் கிடக்கு. சும்மா எட்டிப் பார்த்து ஒரு கட்டுப் போட்டுட்டுப் போயேன்."

சீமாட்டி, அக்காவின் செல்லக் குதிரை. செம்பட்டை நிறம், நிமிர்ந்த கழுத்து, யாரையும் சட்டை செய்யாத நடை. அந்த வாரம்தான் ஆண்குட்டி ஒன்றை ஈன்றிருந்தது.

"குட்டி எந்திரிச்சுப் பால் குடிக்குதா அத்தான்?"

"குடிக்காம என்ன! மூஞ்சியெல்லாம் பால் வழியுது."

டாக்டர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பாதி குடித்த காபியை அப்படியே வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தாள்.

மூஞ்சியில் பால் வழிகிற குட்டி பால் குடிக்கிற குட்டி அல்ல. பழக்கத்தில் போய்த் தாயின் மடிக்கடியில் நிற்கும். வாய் வைத்து இழுக்கத் தெம்பு இருக்காது. கட்டிப்போன மடியிலிருந்து பால் தானாகச் சொட்டி அதன் நெற்றியில் வழியும். பார்க்கிறவர்களுக்கு வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்த மாதிரி தெரியும். உண்மையில் அது பட்டினி கிடக்கும்.

லாயத்தின் கடைசி அறை வாசலில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் லாயக்காரர் ஈரத் துணியும் கையுமாக நின்றார். அவருக்குப் பேச்சுதான் மூச்சு. அன்று அவரும் வாய் திறக்கவில்லை. உள்ளே வைக்கோலில் குட்டி சாய்ந்து கிடந்தது. காதுகள் பக்கவாட்டில் தொங்கின. நெற்றியில் பால் காய்ந்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. சீமாட்டி குட்டியை மோந்து மோந்து பார்த்துவிட்டு, வந்தவளை முறைத்தது.

டாக்டர் மண்டியிட்டாள். உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தாள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது செங்கல் நிறத்தில் இருந்தது. காய்ச்சல் அடித்தது. நெஞ்சு படபடவென்று ஓடியது. தொப்புளைத் தொட்டபோது விரலில் ஈரம் ஒட்டியது. அடியில் ஒரு தடிப்பு. கடைசியாகத்தான் காலுக்கு வந்தாள். பின்னங்கால் மூட்டு உருண்டு, தொட்டால் சுட்டது. குட்டி வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டது.

"மிதிச்சதுதானே?" என்று கேட்டுக்கொண்டே அத்தானும் வந்து சேர்ந்தார்.

"இல்ல அத்தான். மிதிச்சிருந்தா தோல் பிஞ்சிருக்கணும், முடியாவது கலைஞ்சிருக்கணும். இது வெளியிலேர்ந்து பட்ட அடி இல்ல. உள்ளேர்ந்து வந்தது. தொப்புள் வழியா கிருமி புகுந்து ரத்தத்துல கலந்திருக்கு. ரத்தம் போற இடமெல்லாம் அதுவும் போகும். இப்ப மூட்டுல போய் உட்கார்ந்திருக்கு."

அக்கா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "தொப்புளுக்குத் தினமும் மருந்து வச்சோமே."

"வச்சிருப்பீங்க. அது மட்டும் பத்தாது. அக்கா, ஈனுறதுக்கு முன்னாடி சீமாட்டிக்குப் பால் ஒழுகிச்சா?"

"ஒழுகிச்சே. நாலஞ்சு நாளா தொடையெல்லாம் நனைஞ்சு கிடந்தது. குட்டிக்குப் பாலுக்குக் குறைவே இருக்காதுன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

டாக்டர் தலையாட்டினாள். எல்லாம் பொருந்தியது.

"ஒழுகிப் போனது சாதாரணப் பால் இல்லக்கா, சீம்பால். குதிரைக்குட்டி பிறக்கும்போது நோயை எதிர்க்கிற சக்தி அதுக்குக் கிட்டத்தட்ட கிடையாது. முதல் சீம்பால்லதான் அம்மாகிட்டேர்ந்து அது வரணும். அதுவும் பிறந்த அன்னைக்கே வரணும். அப்புறம் குடல் அதை உள்ள விடாது, கதவைச் சாத்திக்கும். இவன் குடிச்சது பால்தான். ஆனா அதுல காவல்காரன் யாரும் இல்ல."

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப நான்தான்..."

"நீ என்ன பண்ணுவே? மடியில அடைப்பா வைக்க முடியும்? நகரு, எனக்கு வெளிச்சம் வேணும்."

இரத்தம் எடுத்து, வண்டியில் வைத்திருந்த சின்னச் சோதனைப் பெட்டியில் சொட்டு விட்டுப் பார்த்தாள். வெளிறிய புள்ளி ஒன்று தெரிந்தும் தெரியாமலும் வந்தது. எதிர்ப்புச் சக்தி அனேகமாகப் பூச்சியம்.

ஆற்றுக்கு அக்கரையில் பெரிய கால்நடை மருத்துவமனை ஒன்று உண்டு. அங்கே அவளுடைய வகுப்புத் தோழர் வேலை பார்த்தார். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் பெருமூச்சு விட்டார். "குட்டி போடுற சீசன். தரையில படுக்க வைக்கக்கூட இடம் இல்லம்மா. பிழைக்கிறது கஷ்டம்தான், உனக்குத் தெரியாததில்ல. ஆனா நீ அங்கேயே செய்யலாம். ரத்தமும் மூட்டு நீரும் அனுப்பு, எந்தக் கிருமின்னு கண்டுபிடிச்சுச் சொல்றேன்."

"அனுப்புறேன். கஷ்டம்னு சொன்னதை மட்டும் திரும்பச் சொல்லாத. ஸ்பீக்கர்ல இருக்கு."

அதன் பிறகு அவள் நின்று பேசவில்லை. மருந்து ஏற்றுவதற்கு முன்பே கிருமிச் சோதனைக்கு இரத்தம் எடுத்தாள். மூட்டில் மெல்லிய ஊசி போட்டு நீரை இழுத்தாள். தெளிந்த மஞ்சளாக வர வேண்டியது கலங்கல் கஞ்சி மாதிரி வந்தது. கழுத்து நரம்பில் குழாய் பொருத்தி குளுக்கோஸ் கலந்த சலைனை ஓடவிட்டாள். பென்சிலினும் ஜென்டாமைசினும் போட்டாள். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் இறக்கி, சீமாட்டியிடமிருந்து கறந்த பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள்.

"மூட்டை இப்பவே கழுவ வேண்டாமா?" என்று அத்தான் கேட்டார். அதற்குள் அவர் போனில் எதையோ படித்துவிட்டிருந்தார்.

"கழுவணும். ஆனா இப்ப மயக்கம் கொடுத்தா தாங்கமாட்டான். முதல்ல உயிர், அப்புறம் கால். இனிமே போன்ல படிச்சா எனக்கும் படிச்சுக் காட்டுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்."

லாயக்காரர் தொண்டைக்குள் சிரித்தார்.

அடுத்து வேண்டியது காவல்காரர்கள். குட்டியின் உடம்பில் இல்லாததை வேறொரு நல்ல குதிரையின் இரத்தத்திலிருந்துதான் கொண்டுவர வேண்டும். "திடகாத்திரமான ஆண் குதிரை வேணும். இதுவரைக்கும் ரத்தம் ஏத்திக்காததா இருக்கணும். யாரு இருக்கா?"

அக்காவும் லாயக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மாப்பிள்ளைதான் இருக்கார்," என்றார் லாயக்காரர்.

அத்தான் திடுக்கிட்டார். "யாரு, நானா?"

"உங்களை இல்ல," என்றாள் அக்கா. அந்த இக்கட்டிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மாப்பிள்ளை என்பது விதையடித்த ஒரு சாம்பல் நிறக் குதிரை. எல்லோருக்கும் முன்னால் அதற்குத் தீனி வைக்க வேண்டும். வேலை என்றால் கால் வலிக்கும். குரலை உயர்த்தினால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்ளும். அதனால் வந்த பெயர். மரியாதைக் குறைவாக யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

மாப்பிள்ளையை வெயில் படாத இடத்தில் நிறுத்தி, கழுத்தில் கொஞ்சம் முடியை மழித்தாள் டாக்டர். லாயக்காரர் அதன் காதருகே ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். "ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை, கொசு கடிக்கிற மாதிரிதான். உங்க வீட்டுப் பிள்ளைதானே, இந்தச் சீர் கூடச் செய்யமாட்டீங்களா?" ஊசி ஏறியபோது குதிரை ஒரு தடவை கண்ணை உருட்டியது. அதன்பிறகு வாளியில் இருந்த தவிட்டில் மூக்கை விட்டுக்கொண்டது. இரத்தம் பைகளில் நிறைந்தது.

பைகளைக் குளிர்ந்த அறையில் தொங்கவிட்டார்கள். குதிரை இரத்தம் சீக்கிரம் படியும். சிவப்பு அடியில் இறங்க இறங்க, மேலே தேன் நிறத்தில் நீர் நின்றது. அக்கா அறை வாசலிலேயே நின்று அதைப் பார்த்தாள். மருத்துவம் என்பதை அவள் அதுவரை ஊசி முனையில்தான் பார்த்திருக்கிறாள். இப்படிக் கண்ணெதிரே பிரிந்து வந்து பார்த்ததில்லை.

மேல்நீரைத் தனியே எடுத்துக் குட்டிக்குச் சொட்டுச் சொட்டாக ஏற்றினாள் டாக்டர். நடுக்கம் வருகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. முடியும் நேரத்தில் குட்டியின் காது ஒன்று மெதுவாக நிமிர்ந்து, சீமாட்டி இருந்த பக்கம் திரும்பியது.

மறுநாள் குட்டி அவள் விரலைச் சப்பியது. அதற்கடுத்த நாள் தாங்கிப் பிடித்தபோது மடியைத் தேடி வாய் வைத்தது. சத்தம் கேட்கும்படி இழுத்துக் குடித்தது. லாயக்காரருக்குப் பேச்சு முழுசாகத் திரும்பிவிட்டது. அடுத்த ஆறு மாதத்துக்குக் குட்டிக்கு என்னென்ன கற்றுக்கொடுப்பது என்று திட்டம் போட ஆரம்பித்துவிட்டார். மூக்குக் குழாயைக் கழற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. ஈறு இளஞ்சிவப்புக்கு வந்தது.

கால் மட்டும் கேட்கவில்லை.

மூட்டு இன்னும் பெருத்தது. குட்டி அந்தக் காலைத் தரையில் ஊன்றவே இல்லை. மூன்று காலில் தத்தித் தத்தி மடிக்குப் போனது, குடித்துவிட்டுப் பொத்தென்று விழுந்து படுத்தது. ஒவ்வொரு முறை அது விழும்போதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு பிற்பகல், மருந்து போட்டுவிட்டு டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"போதும்டி."

"எது?"

"எல்லாம். நீ பாடுபட்டுட்டே, நான் இல்லேன்னு சொல்லல. ஆனா மூணு காலோட ஒரு குதிரை வாழ முடியுமா? வலியில அது துடிக்கிறதை என்னால பார்க்க முடியல. பேசாம அதைத் தூங்க வச்சிடு. நீயே செஞ்சுடு, வேற யாரையும் கூப்பிட வேண்டாம்."

அது பெரிய விஷயம் என்பது இருவருக்குமே தெரிந்தது. அக்கா ஒரு உயிரைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டாள்; ஆனால் காப்பாற்றுவதற்காக அல்ல.

டாக்டர் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டே மனதுக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தாள். ஆறுதல் சொல்வதற்காகப் பொய் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை. நெஞ்சில் இரைச்சல் இல்லை. தொப்புள் வற்றிக்கொண்டு வந்தது. மற்ற மூட்டுகள் குளிர்ச்சியாக இருந்தன. சிறுநீர் நன்றாகப் போனது. பசி இருந்தது. உடம்பு முழுக்க நடந்த சண்டையில் ஜெயித்தாகிவிட்டது. ஒரே ஒரு மூலையில் மட்டும் எதிரி பதுங்கியிருந்தான்.

"அக்கா, இங்க பாரு. எந்த இடத்துல போதும்னு நிறுத்தணும்னு எனக்குத் தெரியும். அப்படி ஒரு நாள் வந்தா நீ கேட்கிற வரைக்கும் காத்திருக்கமாட்டேன், நானே வந்து சொல்வேன். அன்னைக்கு என் கையாலேயே செய்வேன். ஆனா இன்னைக்கு அந்த நாள் இல்ல. இவன் சாகப் போற குட்டி இல்ல. இவனுக்கு ஒரு மூட்டுல கிருமி இருக்கு, நான் போடுற மருந்துக்கு அது பயப்படல. அவ்வளவுதான். வேற மருந்து போடுவேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்படியா? நான் டாக்டர்."

குரல் உயரவில்லை. அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

வகுப்புத் தோழரின் போன் அன்று மாலைக்குள் வந்தது. அனுப்பிய மூட்டு நீரிலிருந்து சோதனைக்கூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தாகிவிட்டது, எதற்கு அடங்கும், எதற்கு அடங்காது என்றும் தெரிந்துவிட்டது. "ஜென்டாமைசினுக்கு அசையவே இல்லம்மா. அமிகாசினுக்குச் சுருண்டுடுது."

"நினைச்சேன்," என்றாள் டாக்டர்.

வண்டியில் இருந்த குப்பிகள் அன்றைக்குப் போதும். மிச்சத்தை வாங்கிவர அத்தான் அப்போதே கிளம்பத் தயாரானார்; டாக்டர் தடுத்தாள். "காலையில போங்க. இப்ப நீங்க இங்க வேணும். மூட்டைக் கழுவப் போறோம்."

ஊசி என்றாலே அத்தானுக்கு ஆகாது. இரத்தப் பரிசோதனைக்குப் போய் ஆய்வகத்து நாற்காலியோடு சரிந்த மனிதர். ஆனால் மறுபேச்சுப் பேசாமல் வைக்கோலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குட்டியின் தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். மயக்க மருந்து ஏறி அதன் கண் செருகியதும், தன் அகன்ற உள்ளங்கையால் அந்தக் கண்ணை மூடிக்கொண்டார். லாயக்காரர் சீமாட்டியைத் தலைக்கயிற்றில் பிடித்து, குட்டி கண்ணில் படும் தூரத்தில் நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் மூட்டைச் சுற்றி முடியை மழித்து, திரும்பத் திரும்பத் தேய்த்துச் சுத்தம் செய்தாள். கையுறை மாட்டினாள். ஒரு பக்கம் ஓர் ஊசி, எதிர்ப்பக்கம் இன்னோர் ஊசி. முதல் ஊசியில் சலைன் குழாயைப் பொருத்தினாள்.

"அக்கா, அந்தப் பையைப் பிடி. சொல்லும்போது அழுத்து."

அக்கா இரண்டு கையாலும் பையைப் பிடித்தாள்.

"அழுத்து."

எதிர்ப்பக்க ஊசியிலிருந்து கலங்கலாக நீர் வந்தது. நூல் நூலாக வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன.

"இன்னும் பலமா."

"உடைஞ்சுடாதா?"

"உடையாது. அழுத்துக்கா."

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். ஒரு பை தீர்ந்தது. அடுத்த பையை மாட்டினார்கள். ஊசி அடைத்துக்கொண்டபோது டாக்டர் அதைக் கொஞ்சம் திருப்பிவிட்டாள்; மறுபடி ஓடியது. வெள்ளைத் துணுக்குகள் குறைந்தன. கலங்கல் வெளுத்தது. அத்தான் குனிந்த தலை நிமிரவில்லை. குட்டியின் மூச்சை மட்டும் தன் தொடையில் உணர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை.

கடைசிப் பை பாதிக்கு வந்தபோது, வெளியே வந்த நீர் பச்சைத் தண்ணீர் போலத் தெளிந்திருந்தது. டாக்டர் ஓர் ஊசியை உருவினாள். மற்றதன் வழியாகவே அமிகாசினை மூட்டுக்குள் செலுத்திவிட்டு அதையும் உருவி, கட்டுப் போட்டாள்.

"முடிஞ்சுதா?" என்றார் அத்தான், தலை நிமிராமலே.

"இன்னைக்கு முடிஞ்சுது. நாளைக்கு எப்படி இருக்குன்னு பார்த்துட்டு, வேணும்னா இன்னொரு தடவை."

இன்னொரு தடவை வேண்டித்தான் இருந்தது. புது மருந்தும் சிறுநீரகத்தைப் பதம்பார்க்கக்கூடியது என்பதால் குட்டியின் சிறுநீரையும் இரத்தத்தையும் விடாமல் கவனித்தாள். இரண்டாம் முறை கழுவியபோது அக்காவுக்கு "அழுத்து" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. டாக்டரின் கண் பையின் பக்கம் திரும்பினாலே அவள் கை இறுகியது. அதற்குப் பிறகு ஒரு காலை, லாயக்காரர் போன் செய்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"டாக்டரம்மா, ஊனிட்டான்!"

"எவ்வளவு நேரம்?"

"ஒரு கணம்தான். ஊனினான், எடுத்தான், மறுபடி ஊனினான். மாப்பிள்ளையே வந்து எட்டிப் பார்த்தார்னா பாருங்களேன்!"

வீக்கம் ஒரேயடியாக இறங்கவில்லை. நல்ல நாளும் வந்தது, சுமாரான நாளும் வந்தது. ஆனால் திரும்பிப் போகவில்லை. மருந்தை நிறுத்துவதற்கு முன் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள்; எலும்பு அரிக்கப்படவில்லை. வகுப்புத் தோழருக்கு அந்தப் படத்தை அனுப்பினாள். அவர் பதிலுக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்பினார்: "அடேயப்பா."

"தடை தாண்டி ஓடுவானா?" என்று அக்கா கேட்டாள்.

"சத்தியம் பண்ணமாட்டேன். அந்த மூட்டு கொஞ்சம் தடிச்சேதான் இருக்கும். ஆனா பிள்ளைங்களைச் சுமந்துக்கிட்டு மைதானத்தைச் சுத்தி வருவான். அதுக்கு நான் பொறுப்பு."

அக்கா அதற்குமேல் பேரம் பேசவில்லை.

வெயில் நன்றாக ஏறிய ஒரு நாள், சீமாட்டியையும் குட்டியையும் முதல் முறையாக வேலி போட்ட புல்வெளியில் விட்டார்கள். குட்டி வாசலில் தயங்கி நின்றது. பிறகு யாரோ முடுக்கிவிட்ட மாதிரிப் பாய்ந்தது. தாயைச் சுற்றி ஒரு வட்டம், எதிர்ப்பக்கம் ஒரு வட்டம். அத்தான் வேலியில் சாய்ந்துகொண்டு, தானே கற்றுக்கொடுத்த மாதிரிக் கைதட்டினார்.

ஓடிக் களைத்து அது நின்றதும் டாக்டர் போய் அந்த மூட்டைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ச்சியாக இருந்தது. அழுத்தினாள். வலி இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். குட்டிக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் காலாலேயே, சோதித்தது போதும் என்கிற மாதிரி, தொடையில் ஓங்கி ஓர் உதை விட்டது.

டாக்டர் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் முட்டியது. சிரிப்பும் கூடவே வந்தது. "அத்தான், பார்த்தீங்களா? எப்படி மடக்கினான், எப்படி நீட்டினான் பார்த்தீங்களா?"

அக்கா ஓட்டமும் நடையுமாக வந்தாள். தங்கையின் தொடையைத் தொட்டுப் பார்த்தாள். நாளைக்குக் கன்னிப்போகும் என்பது நிச்சயம்.

"இரு இரு, அசையாத. டாக்டரைக் கூப்பிடறேன்," என்றாள் பதற்றத்தில்.

"யாரை?"

அக்கா திரும்பித் தங்கையைப் பார்த்தாள். அப்புறம் அவளும் பொத்தென்று புல்லில் உட்கார்ந்தாள்.